ஒன்பதரை முறை

பிரவுன்ஷ்வைக். மார்ச் மாத மழை.
மேசையில் கோப்பு: குளிர்காலக் கோதுமை,
மூன்றாம் இலையிலிருந்து முதல் கணு வரை,
ஹெக்டேருக்கு ஒரு லிட்டர், ஒரே தெளிப்பு.

எலிக்கு ஒன்றும் ஆகாத அளவைப்
பத்தால் வகுக்கிறேன், எலி மனிதன் இல்லை என்பதால்.
மீண்டும் பத்தால்,
மனிதனும் மனிதனும் ஒன்றில்லை என்பதால்.
நாங்கள் பாதுகாப்பு என்று சொல்வதில் பாதி
இந்த இரண்டு வகுத்தல்கள்.

பிறகு அந்தக் குழந்தை வருகிறது.
எல்லாக் கோப்பிலும் வரும். எடை பத்துக் கிலோ.
வயலோரப் புல்லில் தவழும்,
மணிக்கு ஒன்பதரை முறை
கையை வாயில் வைக்கும்.
பதினோரு வருடமாய் அதற்கு வயது ஏறவில்லை,
யாரும் பெயர் வைக்கவில்லை.
அந்த அரை முறையை மட்டும்
விட முடியவில்லை என்னால்:
உதடுவரை போன கை
எதையோ பார்த்துவிட்டு
அப்படியே நிற்கிறது.
வானம்பாடியாக இருக்கலாம்.
வானம்பாடிக்கு வேறு அட்டவணை.

இணைப்பு நான்கில் சாகவேண்டியவை:
நரிவால் புல், ஒட்டுக்கொடி,
அப்புறம் ஒரு நீலப் பூ.
"என் கல்யாணத்தன்று தலையில் இருந்தது இதுதான்"
என்கிறாள் எதிர்மேசை வீப்கே.
எங்கள் மொழியில்
களை பயிரிலும் இருக்கும், முகத்திலும் இருக்கும்.
பயிரில் இருந்தால் பிடுங்குவோம்,
முகத்தில் இல்லையென்றால் என்ன ஆச்சு என்று கேட்போம்.
இதை எப்படி ஜெர்மனில் சொல்ல?
காபி வேண்டுமா என்று கேட்டேன்.

பைனெ பக்கத்திலிருந்து ஹென்னிங் லூடர்ஸ்
மூன்றாம் முறையாகப் போன் செய்கிறார்.
பழைய மருந்துக்கு நரிவால் சாவதில்லையாம்,
போன வருடம் மூன்றில் ஒரு பங்கு கோதுமை போனதாம்.
"உங்கள் கையெழுத்து முளைப்பதற்குள்
என் வயல் முழுக்கப் புல்."
அவர் சொல்வதும் பொய் இல்லை.
கொல்வதை மருந்து என்று
மொழிபெயர்த்துக்கொண்டது நான்தான்.

நிறுவனம் கேட்பது சின்ன விஷயம்:
வீடுகள் இருக்கும் பக்கம்
பத்து மீட்டர் இடைவெளி, ஐந்தாகட்டும்.
கணக்கை ஓட்டினேன்.
குழந்தை: வரம்பில் தொண்ணூற்றேழு சதவீதம்.
தேர்ச்சி.
மறுபடி ஓட்டினேன். தேர்ச்சிதான்.

பத்திலேயே விட்டேன்.
காரணம் என்ற கட்டத்தில்
நாலு வரி ஜெர்மனில் எழுதினேன்.
நாலும் சரியான வரிகள்,
ஒன்றும் காரணமில்லை.
மேலிடம் திருத்தலாம். திருத்துவார்கள்.

டிராமில் நின்றபடி,
ஈரக் கம்பியைப் பிடித்திருந்த கையாலேயே
ரொட்டியின் முனையைப் பிய்த்து
வாயில் போட்டேன்.

ஒன்று.