கேட்கிறதா, ஹில்மா

பதினோரு மணிக்கும் விடியாத டிசம்பர்.
வார்டோ துறைமுகத்தில் விளக்குகள் இன்னும் அணையவில்லை.
சமையலறையில் டோர்டிஸ், என் மனைவி,
ஒற்றைக் கம்பளிக் கையுறையை வைத்துக்கொண்டு
கேட்கிறாள்:
"ஹால்வர் வந்துவிட்டானா?"

ஹால்வர் அவள் தம்பி.
கடல் அவனைக் கொண்டுபோய் நாற்பத்தாறு வருடம்.

முதல் வருடம் முழுக்க நான் உண்மை பேசினேன்.
"அவன் செத்துப்போனான், டோர்டிஸ்,
எத்தனை தடவை சொல்வது?"
ஒவ்வொரு தடவையும் அது அவளுக்கு
அன்றைக்குத்தான் வந்த சேதி.
ஒரே சாவுக்கு
எத்தனை முறை அவளை அழ வைத்தேன்
என்று எண்ணப் பயமாக இருக்கிறது.
எண்ணக்கூடியவன் நான் ஒருவன்தான்.

பிறகு ஓர் இரவு
உப்புக் குப்பியை வாயருகே பிடித்து
"ஹில்மா, ஹில்மா,
கரை வானொலி பேசுகிறது.
எங்கே இருக்கிறீர்கள்?" என்றாள்.

இருபத்தொன்பது வருடம் அவள் பார்த்த வேலை.
ஹில்மா நான் ஓட்டிய படகு.
மேல்தளமெல்லாம் பனிக்கட்டி ஏறிய ஒரு மார்ச்சில்
அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டுதான் கரை சேர்ந்தேன்.
இந்தக் காற்றில் ஏன் போனாய் என்று
அன்று அவள் கேட்கவில்லை.
நான் சொன்ன இடத்தை மறுக்கவில்லை
(தப்பாகத்தான் சொல்லியிருந்தேன்).
முதலில் பெயர்.
பிறகு ஒரே ஒரு கேள்வி, சின்னதாக.
பிறகு பதில் வரும்வரை
இரைச்சலைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பது.

மேசையெல்லாம் உப்பு கொட்டியது.
நான் கரண்டியை எடுத்தேன்.
"ஹில்மா பேசுகிறேன். கேட்கிறது."
"காற்று?"
"வடகிழக்கு."
"எத்தனை பேர்?"
"இரண்டு பேர்," என்றேன்.

இப்போது ஹால்வர் வந்தானா என்றால்
அவனுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்கிறேன்.
மீன் ஈரல் என்கிறாள்.
உருளைக்கிழங்கைத் தோலோடு தின்பானாம்.
இத்தனை வருடத்தில் எனக்குத் தெரியாத செய்தி.

எப்போதும் முடிவதில்லை.
நேற்று அடுப்புக்குள் காலுறையைப் பார்த்ததும்
கத்திவிட்டேன்.
அவள் முகத்தில் அலைவரிசை நகர்ந்தது.
எந்தப் பக்கம் திருப்பியும்
இரவுவரை கிடைக்கவில்லை.

இன்று நாற்காலியை இழுத்துப்போட்டு
அவள் கண்ணுக்கு நேராக உட்கார்கிறேன்.
"டோர்டிஸ்."

காபி ஆறுகிறது. ஆறட்டும்.

அவள் கையுறையை எடுத்து
என் கையில் மாட்டுகிறாள், மெதுவாக,
ஒவ்வொரு விரலையும் தடவி.
வலக்கைக்கானது அது.
இடக்கையில் மாட்டுகிறாள்.
நீட்டிக்கொண்டு இருக்கிறேன்.