கொள்ளாம்

குலசேகரத்து ரப்பர் டிப்போவில்
ஷீட்டை வெளிச்சத்துக்கு நேராய்த் தூக்கிப் பிடித்து
தரம் பிரிக்கிற வேலை எனக்கு.
புள்ளி தெரிந்தால் நாலு. குமிழி கூடினால் அஞ்சு.
அதற்கும் கீழே ஒட்டுப்பால்.
பதினாறு வருஷமாய் இந்தக் கண்ணை நம்பித்தான்
லாரி கோட்டயம் போகிறது.

பழக்க தோஷம்.
வைனையும் அப்படியே தூக்கிப் பிடித்தேன்,
அடுக்களை ஜன்னலுக்கு நேராக.
"ரேட்டு போடப் போறியா?" என்றான் ஜெஸ்டஸ்.

வாங்கினது நாகர்கோவில் எலைட் கடையில்.
குடையும் துணிப்பையுமாய்ப் போய் நின்று
"எழுநூறுக்குள்ள, இனிக்காதது" என்றேன்.
பையன் என் முகத்தைப் பார்க்காமலே
இனிப்புப் போர்ட் ஒன்றை எடுத்து வைத்தான்.
பெண்ணென்றால் இனிப்பு.
அது அவனுடைய கிரேடு.
"இனிக்காதது."
பின்னால் நின்ற நாலு பேரும்
என் செருப்பு வரைக்கும் பார்த்து முடித்த பிறகு
கீழ்த்தட்டிலிருந்து வந்தன, தூசியோடு,
நாசிக் ஒன்று, அறுநூற்று எண்பது.
நந்திமலை ஒன்று, ஐநூற்றுத் தொண்ணூறு.
தக்கலை தாண்டும்வரை பஸ்ஸில்
ஒன்றோடொன்று முட்டிச் சத்தம் போட்டுக்கொண்டே வந்தன.
பக்கத்தில் இருந்தவள் "நல்லெண்ணெயா?" என்று கேட்டாள்.
ஆமாம் என்றேன்.

லேபிளில் செர்ரி, வனிலா, ஓக், பழைய தோல்.
செர்ரி எனக்கு
பேக்கரிக் கேக்கின் உச்சியில் ஒட்டியிருக்கும் சிவப்பு, அவ்வளவே.
ஓக் மரத்தைக் கண்டதில்லை.
நாக்கை அதன் பாட்டுக்கு விட்டேன்.

நாசிக்குக் குப்பியில் முதலில் ஞாவப்பழம்.
வாயெல்லாம் ஊதாவாகி
அப்புறம் பல்லைப் பிடிக்குமே, அந்தத் துவர்ப்பு.
அதற்கும் பின்னால், சத்தியமாய்,
எங்கள் புகைப்புரை:
தீ அணைந்து மூணு நாள் கழிந்தும்
ஷீட்டை விட்டுப் போகாத வாசம்.
இதற்கு இறைச்சி வறுக்க வேண்டும்,
தேங்காய்க்கொத்து போட்டு.
நந்திமலை ஒல்லி.
கொடம்புளி ஊறின வெள்ளத்தில்
நல்லமிளகு ரெண்டைத் தட்டிப் போட்டது மாதிரி.
சாளைப் புளிமுளத்துக்குச் சரியான ஜோடி,
ஆனால் தனியே குடித்தால் முகம் சுளிக்கிறது.

ஜெஸ்டஸுக்கு இரண்டுமே பிடிக்கவில்லை.
"பால் உறைய ஊத்துவமே, அந்த ஆசிட்டு."
அவன் ருசி அவன் தங்கை ஹெப்சியின் பரணியில் இருக்கிறது.
கருங்கலில், கம்பத்துப் பன்னீர்த் திராட்சையில்
கிராம்பும் கோதுமையும் கைநிறையச் சர்க்கரையும் போட்டு
நாற்பத்தோரு நாள் கட்டி வைப்பாள்.
"இதுல கிறிஸ்மஸ் இருக்குவு" என்கிறான்.
எனக்கு அதில் இருமல் மருந்து இருக்கிறது.
பன்னிரண்டு வருஷம் ஒரே சட்டியில் சாப்பிட்டும்
நாக்கு இரண்டு ஊரில்தான் குடியிருக்கிறது.

கரண்டு பில்லின் பின்பக்கம் எழுதினேன்:
நாசிக் 3. நந்திமலை 4.
ஹெப்சிக்கு நம்பர் போடவில்லை,
குடும்பத்துக்குள் எதற்கு.

மறுநாள் ராத்திரி
நந்திமலையில் பாதி மிச்சம் இருந்தது.
மூடி சரியாய் அடைக்காத குப்பி.
கெட்டிருக்கும் என்று ஊற்றினால்
புளி அடங்கி, எங்கிருந்தோ
நன்றாய்ப் பழுத்த அயினிச்சக்கை மணம்
மூக்குக்குள் மெல்ல ஏறுகிறது.
ஷீட் இப்படிச் செய்வதில்லை.
நான் நாலென்றால் மறுநாளும் நாலு,
அதை வைத்துத்தான் எனக்குச் சம்பளம்.
பில்லை எடுத்து 4-ஐ அடித்தேன்.
என்ன எழுதுவது என்று தெரியாமல்
பேனாவை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தேன்.

மரச்சீனிக் கிழங்கைச் சாளைச் சாற்றில் முக்கிக்கொண்டே
ஜெஸ்டஸ் என் கிளாசை எடுத்தான்,
கேட்காமல்.
ஒரு மடக்கு.
"கொள்ளாம்."

எங்கள் ஊரில் இந்தச் சொல்லுக்கு
நல்லாயிருக்கு என்றும் பொருள்,
பரவாயில்லை என்றும்,
ஆளை விடு என்றும்.
எது என்று கேட்கவில்லை.
அவன் இன்னொரு மடக்கு குடித்தான்.

அடுத்த மாசம் ஐநூறுக்குள்ளே பார்க்கணும்.
பில்லைத் திருப்பினால்
ஆயிரத்து நானூற்றுப் பதினாறு.
நாளைக்குக் கடைசித் தேதி.