அரை அங்குலம்

அந்தச் சத்தம் தன் முஷ்டியிலிருந்துதான் வருகிறதென்று
நிரோஜி நம்புகிறாள்.

மோதரையில், வலைக்கடைக்கு மேல்மாடி.
தகரக் கூரை. ஒரு மின்விசிறி.
மூலையில் எவரோ விட்டுப்போன ஐஸ் பெட்டி.
ஆறு மணிக்குப் புறக்கோட்டையிலிருந்து வருவாள்,
பகல் முழுக்க ஃபோன் கண்ணாடிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டிய விரல்களோடு.
குமிழி விழாமல் ஒட்டுவதில் கெட்டிக்காரி.
கைக்குப் பட்டி சுற்றும்போதும் அப்படித்தான்,
ஒரு சுருக்கம் இராது.

நான் பேட்ஸ் மாட்டிக்கொள்வேன்.
இடப்பக்கத்தது கிழிந்து
சைக்கிள் டியூப் வைத்துத் தைத்தது.
"ஒண்டு."
"ஒண்டு, ரெண்டு."
"ரெண்டு விட்டுத் தலையக் குனி."

டப்.
டப், டப்.
கீழே வலை பொத்துகிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

சொல்லிவிடுகிறேன், இதில் ஒரு கள்ளம் இருக்கிறது.
குத்து வந்து சேர அரை அங்குலம் இருக்கையில்
நான் பேட்ஸை முன்னே தள்ளுவேன்.
பார்க்கிறவருக்குத் தெரியாது.
குத்துகிறவளுக்குத் தெரியவே தெரியாது.
கை தட்டுவது போலத்தான்,
ஒரு கை மட்டும் அவளுடையது.

அந்த அரை அங்குலத்துக்கு
முழங்கை கட்டணம் கட்டுகிறது.

கொம்பனித்தெரு ஜல்தீனுக்கும் இதே வருத்தம்.
முப்பது வருஷம் எதிர் மூலையில் நின்று என்னை முறைத்தவன்
இப்போது ஞாயிறு காலைகளில் வந்து
என் சித்தாலேபவில் பாதியை வழித்துக்கொண்டு போகிறான்.
எங்கள் வலிகளுக்குப் பெயர் உண்டு.
தோளின் பின்பக்கம் குடைவது ரிஃப்கானின் இடது ஹூக்.
ஆள் கட்டாரில் லொறி ஓட்டுகிறான்,
ஹூக் இங்கேயே தங்கிவிட்டது.
பெருவிரல் மொழியில் இருப்பது துறைமுகத்துச் சகாயம்.
"அவனுக்கு வலக்கையே இல்லையெண்டு சொன்னியே"
என்று ஜல்தீன் சிரிப்பான்,
தேத்தண்ணிக் கோப்பையை
இரண்டு கையாலும் பிடித்தபடி.

போன மாதம் நிரோஜி தோற்றாள்.
மூன்று ரவுண்டும்.
மூக்கில் பஞ்சு வைத்து, தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன்.
குடிக்கவில்லை. கேட்டாள்:
"சேர், எனக்கும் நல்லாப் பட்டது. நாலஞ்சு தரம்.
ஏன் சத்தமே வரல்ல?"

முகம் முன்னே வந்து வாங்குவதில்லை.
எவள் தன் கன்னத்தை அரை அங்குலம் நீட்டித் தருவாள்?
இவள் காத்திருந்திருக்கிறாள்,
ஒவ்வொரு குத்துக்குப் பிறகும் ஒரு நொடி,
என் சத்தத்துக்காக.
மற்றவள் உள்ளே வந்தது
அந்த நொடிகளில்தான்.

இதை நான் அவளிடம் சொல்லவில்லை.
"அரங்கில சனம் கத்தினது" என்றேன்.

இன்று பேட்ஸை அசைக்கவில்லை.
கொடியில் காயும் தலையணை மாதிரிப் பிடித்தேன்.
பொத்.
பொத், பொத்.
நிறுத்தினாள்.
"கை ஏலாதா, சேர்?"
"கை கிடக்கட்டும். அடி."
பொத்.
ஆத்திரம் ஏறியது.
குதிக்காலைத் திருப்பி, இடுப்பைத் திருப்பி,
எங்கேயோ அடியிலிருந்து கொண்டுவந்து கொட்டினாள்.
அவள் மூச்சு மட்டும் கேட்டது.
பிறகு தகரத்தில் மழை இறங்கி அதையும் மூடியது.
இருபது நிமிடம்.
கீழே ஒருவரும் நிமிரவில்லை.

கடைசிக் குத்துக்கு முன்
நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்துக்கொண்டு
என்னைப் பார்த்தாள்.
நான் நினைக்கவில்லை. முழங்கை நினைத்தது.
டப்.

"வந்திச்சு சேர்! கேட்டதா?"

கேட்டது என்றேன்.
வாரைப் பல்லால் கடித்துக் கழற்றினேன்.

வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் கொண்டக்டர்
மிச்சக் காசை உள்ளங்கையில் வைத்தான்.
விரல் மடங்குமுன்
ஒரு பத்து ரூபாய்க் குற்றி நழுவிப் போனது,
சீட்டுக்கு அடியில்.
மழையில்
அது விழுந்த சத்தம் எனக்குக் கேட்கவில்லை.