சோம்பேறி

பன்னிரண்டு அடுக்குத் தேன் கேக்,
ஸ்கிர்மாந்தே வீட்டுக் கல்யாணத்துக்கு.
விடிய விடிய அடுப்போடு நின்றேன்.
கௌனஸில் அதற்கென்று எனக்கொரு பேர்.

எனக்குப் பிடித்தது எதுவென்று
யாரும் கேட்பதில்லை. நல்லதுதான்.
அதன் பெயரே இங்கே சோம்பேறி:
உடைத்த பிஸ்கட், கோகோ, டின் பால்.
அடுப்பே வேண்டாம்.

அம்மாவுக்கு இரவு ஷிஃப்ட்.
துண்டில் சுற்றிய பிஸ்கட்டை
அர்வீதாஸ் சுத்தியலால் அடிப்பான்.
கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால்
பதிலுக்கு இடிப்பார்.
ஃபிரிட்ஜ் பழுது;
ஜன்னல் விளிம்புப் பனியில் புதைத்தோம்.
ஒருமுறை காகம் முந்திக்கொண்டது.
மிச்சத்தைத் தின்றோம்.

முனைத்துண்டு யாருக்கென்று
எத்தனை அடிதடி!
உருளைக்கு முனை இரண்டென்று
ஒருவருக்கும் தோன்றவில்லை.

இப்போது அவன் நார்வேயில் மீன் வெட்டுகிறான்.
ஒரு முனையை நின்றபடியே தின்றாயிற்று.
மற்றது தாளில் சுற்றி
ஃப்ரீசரில் கிடக்கிறது,
நன்றாகவே வேலை செய்யும் ஃப்ரீசரில்.