அவள் நடந்த தூரம்

டார்வினிலிருந்து வந்த அதிகாரியிடம்
வால்மாய் முதலில் கேட்டது:
"நடக்கிற காலணிதானே?"
அவர் சிரித்தார். நாங்கள் சிரிக்கவில்லை.

இரவு பதினொன்று இருபது. ஜூலைக் குளிர்.
அவள் புறப்பட்ட நேரத்தில்
அவள் வீட்டு வாசலிலிருந்தே தொடங்கினோம்.
ரோந்து வண்டியை முதல் கியரில்
விளக்கணைத்துப் பின்னால் உருட்டிவந்தேன் நான்.
அன்றைக்கு வண்டி ஓடவில்லை.
பழைய மானியம் தீர்ந்து
புதியது வராத வாரம் அது.

அவள் பெயரை நாங்கள் சொல்வதில்லை.
இறந்தவர் பெயரை உறங்கவிடுவது எங்கள் வழக்கம்.
டெல்வீன் மகளுக்கும் அதே பெயர் என்பதால்
ஒரு வருடமாக அந்தப் பிள்ளையை வேறு பெயரில் அழைக்கிறோம்.
அரசாங்கக் கோப்பில் அது முப்பத்தொன்பது இடங்களில் இருந்தது.
ஒவ்வொன்றின் மேலும் கறுப்பு நாடா ஒட்டினோம்.
ஒரு சுருள் முழுதாய்த் தீர்ந்தது.
பிறகுதான் படித்தோம்:
"உதவி கோரத் தவறினார்."

தவறினாளா. சரி, நடங்கள்.

இந்தக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இல்லை.
மூன்று முறை எழுதிக் கேட்டாள்.
வாடகை ஒப்பந்தம் அவன் பெயரில்;
அவன்தான் விண்ணப்பிக்க வேண்டுமாம்
அவனையே தடுக்கும் தாழ்ப்பாளுக்கு.

இது தொலைபேசிக் கூண்டு.
ஊதா நிறச் சுவரொட்டியில் உதவி எண் இருக்கிறது,
பெரிதாக, தெளிவாக.
ரிசீவர்தான் இல்லை.

இது கிளினிக். மணியை அழுத்துங்கள்.
இல்லை, நீங்களே அழுத்துங்கள்.
தொள்ளாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு குரல்
அவருடைய பிறந்த தேதியைக் கேட்டது.

போலீஸ் நிலையத்துக்கு எதிரே
பதினோரு நிமிடம் நின்றிருக்கிறாள். கேமராவில் இருக்கிறது.
"ஏன் உள்ளே போகவில்லை?" என்றார் அதிகாரி.
நோரீன் சொன்னாள்:
"நாய்க்கு உரிமம் எடுக்காத அபராதம் பாக்கி.
உள்ளே போனால் அடைபடுவது அவள்.
வீட்டில் அடிதடி என்று சொன்னால்
மறுநாள் வெள்ளைக் கார் வரும்.
பிள்ளைகள் உட்காரும் இருக்கை பொருத்தியே வரும்.
என் தங்கை வீட்டுக்கு வந்ததில் மூன்று இருக்கை.
மூன்றும் நிறைந்து போனது."

அதனால் திரும்பி நடந்தாள்.
வந்த வழியே.
அவன் விழித்திருந்தான்.

வெகுநேரம் கழித்து அதிகாரி,
"விழிப்புணர்வு முகாம் ஒன்று வேண்டுமானால்..." என்றார்.
"விழிப்புக்குக் குறைவில்லை," என்றாள் வால்மாய்.
"ராத்திரி முழுக்க விழித்துத்தான் கிடக்கிறோம்.
விதியை மாற்று."

வண்டியின் பானெட் மேல் காகிதத்தை விரித்தோம்.
வீடு அவள் பெயரில்; வெளியேறுவது அவன்.
வெளியேறுகிறவன் எங்கே போவான்
என்பதையும் நாங்களே யோசித்தோம்,
அவன் எங்கள் தம்பி.
மூடிக்கிடந்த பேக்கரியைக் கழுவி
எட்டுக் கட்டில் போட்டாயிற்று.
வெள்ளைக் கார் கிளம்புமுன் அழைக்க
பதினான்கு சித்திகளின் எண்கள்.
அபராத பாக்கியை அழிப்பது.
கடைசிப் பேருந்து ஆறு மணிக்கு அல்ல, நள்ளிரவுக்கு.

அதிகாரி கையெழுத்திடவில்லை.
அதிகாரம் தனக்கு மேலே இருக்கிறதாம்.
நடைபாதை ஓரம் உட்கார்ந்து
காலணியில் ஏறிய நெருஞ்சி முட்களை
ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.
அவள் வெறுங்காலில் போனாள் என்று
யாரும் அவரிடம் சொல்லவில்லை.

அக்டோபரில் தாழ்ப்பாள்கள் வந்தன. அவை மட்டும்.
அறுபத்திரண்டு வீடு, இரண்டு திருப்புளி.
கடைசியாக அந்த வீட்டில் பொருத்தியபோது
அவள் சின்ன மகன் உள்ளே நின்று
பூட்டினான், திறந்தான், பூட்டினான்.
பேருந்து இன்னும் "பரிசீலனையில்".
வரப்போகும் அமைச்சருக்குக்
காலணி அளவு கேட்டு எழுதியிருக்கிறோம்.

நேற்று நள்ளிரவு பேக்கரிக் கதவை
ஒருவன் தானாக வந்து தட்டினான்.
"கை ஓங்கிவிடுமோ என்று பயம். வந்துவிட்டேன்."
நோரீனின் அண்ணன் தேநீர் போட்டான்.
விடியும்வரை ஃபுட்பால் பேசினார்கள்.

மாத அறிக்கையை எடுத்துவைத்துக்கொண்டு
உட்கார்ந்திருக்கிறேன்.
நடக்காமல் போன ஒன்றை
எந்தக் கட்டத்தில் நிரப்புவது?