தூண் சி-பதினேழு

ரிவர் வேலி. அடித்தளம் மூன்று. தூண் சி-பதினேழு.
இந்த ஆண்டில் நான்காம் முறை வருகிறேன்.
சாம்பல் உறைக்குள் அந்த மஞ்சள் கார்
பள்ளிக்கு மட்டம் போட்ட பையன்போல்
இழுத்துப் போர்த்திக் கிடக்கிறது.

பேட்டரி செத்துவிட்டது என்று
தொலைபேசியில் சொல்லும்போது
திரு. குவெக்கின் குரல் தாழ்ந்துவிடும்,
அதற்குச் சோறு வைக்க மறந்தவர்போல.

என் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு உண்டு.
கம்பெனி கேட்காத கணக்கு.
வண்டி கண் விழித்ததும் கிலோமீட்டரைக் குறித்துக்கொள்வேன்.
பிப்ரவரியில் 11,204.
மே மாதம் 11,231.
ஆகஸ்டில் 11,239.
மூன்று மாதத்துக்கு எட்டே கிலோமீட்டர்.
ஈசூனில் புறப்படும் என் வேன்
அங் மோ கியோவில் முதல் பசியாறும் தூரம்.

டாஷ்போர்டில் முந்நூற்றிருபதுவரை எண் போட்டிருக்கிறார்கள்.
அந்த வேகத்தில் துவாஸில் தும்மினால்
சாங்கியில்தான் மூக்கைத் துடைக்க முடியும்.
நடுவில் தொண்ணூறு என்று நிற்கிறது ஒரு பலகை.
அதற்கும் முன்னால் நிற்கிறது ஒரு சிமென்ட் லாரி.

"எத்தனை நாளைக்கு ஒருதடவை எடுப்பீங்க, பாஸ்?"
"வாரம் ஒருமுறை. ஞாயிறு காலையில. லிம் சூ காங் பக்கம்."

கேர்ன்ஹில் பல்மருத்துவரும் இதையேதான் சொன்னார்.
செந்தோசா கோவ் தம்பதியும்.
எல்லாருடைய ஞாயிறும் லிம் சூ காங்கில் விடிந்தால்
கல்லறைக்குப் பூக்கொண்டு போகிறவர்களுக்கு
வழி கிடைக்காது.
தலையாட்டி வைக்கிறேன்.
மழை, மாமியார் வீடு, இடுப்புவலி,
பேரங்காடிச் சரிவில் உரசும் அடிவயிறு.
ஞாயிறைத் தின்ன எத்தனை வாய்.

சிஓஇ மட்டும் ஓடிக்கொண்டேயிருக்கிறது.
பத்தாண்டு. நின்றாலும் ஓடும், உறங்கினாலும் ஓடும்.
ஒருநாள் தேநீர் ஆறும் நேரத்தில் வகுத்துப் பார்த்தேன்:
அந்த எட்டு கிலோமீட்டருக்கு அவர் கொடுத்த காசில்
என் மகள் அபிராமசுந்தரி
பாலிடெக்னிக்கில் ஓராண்டு படித்துவிடுவாள்.

பேட்டரி ஏற அரைமணி ஓட்டணும் என்பேன்.
நீங்களே ஓட்டுங்களேன் என்பார்.
காப்பீட்டில் என் பெயர் இல்லை.
நிறுத்திவைத்து உறுமவிட்டால் அபராதம்.
ஆகவே இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்போம்.

இன்றும் வழக்கம்போலத்தான் கதவைத் திறந்தேன்.
இருக்கை வெகுவாகப் பின்னே சாய்ந்திருந்தது,
அப்படிச் சாய்த்தால் பிரேக்குக்குக் கால் எட்டாது.
சிவப்புத் தையலிட்ட தோலின்மீது
பூப்போட்ட சின்னத் தலையணை.
கதவோரப் பள்ளத்தில் கோப்பி-ஓ கட்டிய பை,
அடியில் இன்னும் ஈரம்.
உச்சி விளக்கின் பொத்தான் எரியும் பக்கத்தில்.

மூன்று முறை பழி சொல்லியிருக்கிறேன்:
ஒற்றைக் கண் மூடாத அலாரத்தின்மீது,
இந்த ஊர்ப் புழுக்கத்தின்மீது,
போன பேட்டரி செய்த கம்பெனியின்மீது.

அவர் உறையின் ஓரத்தை மடித்துக்கொண்டே இருந்தார்.
மடித்ததைப் பிரித்து, மறுபடி மடித்து.
"ராத்திரி, மேலே எல்லாரும் தூங்கினபிறகு," என்றார்.
"ஒரு மணி நேரம். சிலநாள் ரெண்டு.
ரேடியோகூட வைக்கிறதில்ல."
பிறகு, தமக்கே சொல்வதுபோல்:
"இங்க போன் எடுக்காது."

வேலைத்தாளில் பழுதுக்குக் காரணம் என்றொரு கட்டம்.
ஓட்டாமை என்றுதான் எப்போதும் எழுதுவேன்.
இன்று பேனா அந்தக் கட்டத்தின் ஓரத்திலேயே நின்றது.

நானூற்றெண்பது வெள்ளி, புது பேட்டரி.
எஞ்சின் பிடித்ததும்
தகரக் கூரையில் மழை இறங்கியதுபோல் தளமே அதிர,
பக்கத்து வோல்வோ பயந்து அலறத் தொடங்கியது.
இருவரும் சிரித்துவிட்டோம்.
கிலோமீட்டரை நான் பார்க்கவில்லை.

கிளம்பும்போது சொன்னேன்:
"உச்சி விளக்கை அணைச்சிட்டு உட்காருங்க, பாஸ்.
ஆறு மாசம் தாங்கும்."