பத்து வயதுக்கு மேல்

பெட்டியின் மேல் போட்டிருந்தது:
பத்து வயதுக்கு மேற்பட்டோருக்கு.
எனக்கு நாற்பத்தொன்று.
இஞ்ஞாசிக்கு நான்கு கூட.

டிஸ்ப்ளே மாற்றிய கூலியில் பாதிக்கு
சிங்கப்பூர் சபுராளி ஒருவர் விட்டுப்போன பெட்டி.
கப்பலில் வந்ததாம். பேரன் தொடவே இல்லையாம்.
கூத்தாநல்லூர்க் கடையில், செத்த சார்ஜர்களுக்கு அடியில்
இரண்டு பெருநாள் கிடந்தது.

உள்ளே ஓர் அட்டைக்குழாய். பிளாஸ்டிக் மூக்கு.
ஊதினால் நகரும் மெல்லிய பலகை.
சிக்கு விழுந்த நூல்களோடு மஞ்சள் குடை.
கட்டைவிரல் தடிமனில் மூன்று என்ஜின்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
அதே லென்ஸ், அதே இடுக்கி.
முதல் சிறகு காயும்வரை மூச்சைப் பிடித்திருந்தேன்.
நாள் முழுக்கத் தட்டையானவற்றையே பிரித்து மூடுகிறவன்,
நிற்க வேண்டிய ஒன்றை ஒட்டி நாளாகிவிட்டது.
இரண்டாவது சிறகு சாய்ந்துவிட்டது.
"விடு, என் மெஷினே அப்படித்தான் ஓடுது" என்றான்
கதிர் அறுக்கும் வண்டி ஓட்டுகிற இஞ்ஞாசி.

குடை கருகாமலிருக்க உள்ளே திணிக்கும் தாளை
எலி தின்றிருந்தது.
டிபன் பொட்டலத்திலிருந்து வாழையிலையை,
எண்ணெய் படாத ஓரமாகப் பார்த்துக்
கிழித்துத் திணித்தான்.

தை கடைசி. சம்பா அறுத்த வயல்.
வைக்கோலைக் கட்டி ஏற்றியாகிவிட்டது.

இங்கே உயரம் என்றால் வழக்கு.
வாய்க்கால் தலைப்பில் ஒரு சாண் மேட்டுக்காக
மன்னார்குடி கோர்ட்டுக்கு இருபது வருடம் நடந்த குடும்பம் உண்டு.
தண்ணீர் ஏற மறுக்கிற இடம்தான் எங்களுக்கு மலை.
பெட்டி சொன்னது: முந்நூறு மீட்டர்.
எத்தனை தென்னை, எத்தனை மினாரா என்று
இஞ்ஞாசி கணக்குப் போட்டுப் பாதியில் விட்டான்.

பைக் பேட்டரி. முப்பதடி ஒயர். அழைப்புமணி சுவிட்ச்.
ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு
அமுக்கினேன்.
ஒரு கொக்கு திரும்பிப் பார்த்தது.
அவ்வளவுதான்.

ஒரு நிமிடம் கிட்டே போகக் கூடாது, குறிப்பில் இருக்கிறது.
கம்பியைப் பிடித்து அது நின்றது.
தப்பு செய்த பையன்கள்போல நாங்களும் நின்றோம்.
பிறகு பார்த்தால் கிளிப்பில் துரு.
பிளேடால் சுரண்டினேன்.

மறுபடி ஐந்து. நான்கு.
ஸ் என்று ஒரு சத்தம், அது முடிவதற்குள்
கம்பி தனியாக நின்றது.

புகைக்கோடு சாய்ந்த சிறகின் பேச்சைக் கேட்டு
லேசாக வளைந்து
அப்புறம் அதுவும் இல்லை.
மழை வருமா என்று கேட்காமல்
இஞ்ஞாசி வானத்தைப் பார்த்தது
எனக்குத் தெரிந்து அன்றுதான்.

பட்.
மிளகு அளவில் ஒரு மஞ்சள்.

வாடை அதைத் தெற்கே தள்ளியது.
ஆற்றைத் தாண்டிவிடுமோ என்று
தாளில் கால் குத்திக் குத்தி ஓடினோம்.
இரண்டிலை விட்ட உளுந்தில் இறங்கியிருந்தது.
தைலம்மை கையில் ஏற்கெனவே.

"வரப்பு மேலேயே வாங்க. ட்ரோனா இது?"
இல்லை.
"மருந்து அடிக்காதா?"
இல்லை.
"படம் புடிக்குமா?"
அதுவும் இல்லை.
"பின்ன என்னத்துக்கு?"
எனக்குப் பதில் வரவில்லை.
"மேல போச்சு" என்றான் இஞ்ஞாசி.

அவர் குழாயை மூக்கருகே கொண்டுபோனார்.
"கருகுன எலை வாசம்.
சாப்பாடு கட்டிக்கிட்டா போச்சு?"
சிரிக்கவில்லை. நிஜமாகத்தான் கேட்டார்.
கொடுக்கும்முன் ஒருமுறை
அண்ணாந்து பார்த்துக்கொண்டார்.

உடைந்திருந்தது ஒரு சிறகு,
நேராக ஒட்டியதில் ஒன்று.

அவசரத்தில் பேட்டரியை மாற்றிக் கொடுத்து
ஃபியூஸ் போனது. ஊரெல்லாம் ரிப்பேர் பார்ப்பவன் நான்.
ஹேண்டில்பாரில் குடையைக் கட்டி
வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தோம்.
வழியெல்லாம் அது காற்று வாங்கி வாங்கி
எங்களைப் பின்னால் இழுத்தது.
அவிழ்க்கவில்லை.

இன்னும் இரண்டு என்ஜின் இருக்கிறது.